நாற்பத்தேழாம் எண்ணின் முழங்கால்

இந்த நாட்டைக் காப்பாற்றுவதற்கென்று நான் வருஷத்துக்குப் பதினான்கு நாள் ஒதுக்கியிருக்கிறேன். மீதி முந்நூற்று ஐம்பத்தொரு நாளும் மூக்குக்கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து, யார் மூக்குக்கு எந்தச் சட்டம் பொருந்தும் என்று பார்த்துக்கொண்டிருக்கிறேன். இந்த ஏற்பாட்டில் எதிரிகளுக்கு ஆட்சேபணை இருப்பதாக இதுவரை தகவல் எதுவும் வரவில்லை.

எங்களைப் போன்றவர்களுக்கு ரிசர்வ் படை என்று பெயர். இருக்கிற படை போதாமல் போனால் கூப்பிட்டுக்கொள்வதற்காக வைத்திருக்கும் படை. "நாங்களும் போதாம போனா என்ன செய்வீங்க?" என்று முதல் வருஷம் ஒரு சந்தேகம் கேட்டேன். பதிலாக மைதானத்தை இரண்டு சுற்று ஓடச் சொன்னார்கள். ஒரு சுற்று முடிவதற்குள் உட்கார்ந்துவிட்டேன். அன்றிலிருந்து எங்கள் கோஷ்டியில் எனக்கு 'நாற்காலி' என்று பெயர். ரிஜிஸ்டரில் நான் நாற்பத்தேழாம் எண்.

பயிற்சிக்காலத்தில் தினமும் இரண்டு வேளை ஆஜர் எடுப்பார்கள். எங்கள் சார்ஜென்ட் ரிஜிஸ்டரை விட்டுத் தலையை நிமிர்த்தவே மாட்டார். நிமிர்த்தினால் வரி தவறிவிடும், வரி தவறினால் ஒன்றாம் எண்ணிலிருந்து மறுபடி கூப்பிட வேண்டும், அதற்குள் டீ ஆறிவிடும். எண்ணைக் கூப்பிடுவார், "உள்ளேன் ஐயா" என்று ஒரு குரல் வரும், ஒரு கோடு போடுவார். அந்தக் குரல் யாருடைய தொண்டையிலிருந்து வந்தது என்பதெல்லாம் அவர் இலாகாவில் சேராது. ஒரே ஒரு வேளை குரல் வராவிட்டால்கூடப் பதினான்கு நாளையும் மறுபடி செய்ய வேண்டும் என்பது விதி.

ஆகவே பக்கத்து எண்காரர்கள் ஒருவருக்கொருவர் குரல் கொடுத்துக்கொள்வது எங்கள் வழக்கம். இதை ஏமாற்று வேலை என்று யாரும் நினைக்க வேண்டாம். பயிற்சிக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே 'தோழமை' என்று கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறது. கையேட்டில் நாங்கள் புரட்டிய ஒரே பக்கமும் அதுதான்.

நாற்பத்தெட்டாம் எண் ஒரு தபால்காரன். ஒல்லி, நீளக் கால், நடந்தாலே மற்றவர்கள் ஓட வேண்டும். நாற்பத்தொன்பதாம் எண் சலூன் வைத்திருப்பவர். தங்கமான மனுஷன், கணீரென்ற குரல். தபால்காரனின் தங்கை கல்யாணத்தின்போது நான்கு நாள் அவனாக இருந்தவன் நான். போன வருஷம் சலூன்காரரின் மாமியார் தவறிப்போனபோது மூன்று நாள் அவராக இருந்தவனும் நான்தான். தபால்காரன் என்னைவிடக் கெட்டிக்காரன். எனக்காகச் சொல்லும்போது முதலில் என்னைப் போலவே ஒரு முறை இருமிவிட்டுத்தான் சொல்வான். இருமலோடு கேட்டால் நானே ஒரு நிமிஷம் என் கை காலைத் தொட்டுப் பார்த்துக்கொள்வேன்.

இந்த வருஷம் இரண்டாம் நாள் காலை, ஆஜர் முடிந்து லாரியில் போனோம். புதிதாக வந்திருந்த இரண்டு பேருக்கு லாரியிலிருந்து எப்படிக் குதிப்பது என்று விளக்கும் பொறுப்பை, யாரும் கேட்காமலே, நான் எடுத்துக்கொண்டேன்.

"முழங்காலைக் கொஞ்சம் மடக்கிக்கணும். கண்ணு தரையில இருக்கணும்" என்றேன், கண்ணை அவர்கள் மேல் வைத்துக்கொண்டு. பிறகு குதித்தேன்.

இடது முழங்காலுக்குள் பழைய வேட்டி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டது. புதியவர்கள் இருவரும் மறுபக்கம் இறங்கிப் போனார்கள். சார்ஜென்ட் அந்த நேரத்தில் லாரியின் எண்ணைக் குறித்துக்கொண்டிருந்தார். டிரைவர்தான் என்னைத் தூக்கி அதே லாரியில் போட்டு ராணுவ ஆஸ்பத்திரியில் இறக்கினார்.

வார்டு டாக்டரம்மா என் முழங்காலின் ஸ்கேன் படத்தைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தார். "தசைநார் அறுந்திருக்கு. வீக்கம் வடியட்டும், தைச்சுடலாம். அடுத்த வாரத்துக்கு அடுத்த வியாழக்கிழமை வெளியிலிருந்து சர்ஜன் வர்றார். ஆறு வாரத்துக்குள்ள தைக்கலைன்னா காலம் முழுக்க நொண்ட வேண்டியதுதான்."

எனக்கு நிஜமாகவே பயமாக இருந்தது. கடையில் மேல் தட்டுக்கு ஏணி ஏற வேண்டும். வீடு மூன்றாம் மாடி. நாற்காலி என்று பெயர் வாங்கியவனுக்கு நாற்காலியே கதி என்று ஆகிவிட்டால் அதைவிடக் கேவலம் கிடையாது. வியாழக்கிழமையை நினைத்துக்கொண்டு காலை நீட்டிப் படுத்துவிட்டேன்.

பதிமூன்றாம் நாள் பக்கத்துக் கட்டிலில் தபால்காரனைக் கொண்டுவந்து போட்டார்கள். குதிகாலுக்கு மேலே வீங்கியிருந்தது. என்னடா ஆச்சு என்றால், "ஓடினேன்" என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

"உன் ஆஜர்?"

"சலூன்காரர் பாத்துக்கறார். உன்னோடதும் சேத்து."

எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. ஒரே தொண்டையில் மூன்று பேர். இப்படிப்பட்ட தோழர்கள் இருக்கும்வரை நாட்டுக்கு ஒரு குறையும் வராது என்று நினைத்துக்கொண்டேன். பயிற்சி முடிந்த மறுநாள், திங்கட்கிழமை, உத்தரவு வந்தது.

"நாற்பத்தேழாம் எண் பயிற்சிக்காலத்தின் இருபத்தெட்டு வேளையும் தவறாது வருகை தந்துள்ளார். பன்னிரண்டாம் நாள் நடைபெற்ற மூன்று கிலோமீட்டர் ஓட்டத்தில் முதலாவதாக வந்துள்ளார். ஆகவே மேற்படி எண்ணின் மேற்படி முழங்கால் பயிற்சிக்காலம் முழுவதும் சிறந்த நிலையில் இருந்தமை ஐயத்துக்கு இடமின்றி நிறுவப்படுகிறது. அதன் பின்னர் அதற்கு ஏற்பட்ட எதற்கும் இந்நிர்வாகம் பொறுப்பாகாது. மேற்படியார் மூன்று நாளில் படுக்கையைக் காலி செய்ய வேண்டியது."

இரண்டு முறை படித்தேன். பிறகு மெதுவாகப் பக்கத்துக் கட்டிலைப் பார்த்தேன்.

"நான் ஓடினேனா?"

தபால்காரன் கூரையைப் பார்த்தான். "ஓடின."

"முதல்லயா வந்தேன்?"

"நான் என்னடா பண்றது? எனக்கு மெதுவா ஓடத் தெரியாது. ஒத்தைப்படை எண்ணெல்லாம் முதல்ல ஓடணும்னாங்க. நாப்பத்தேழுன்னு கூப்பிட்டார். உனக்கு ஆஜர் போயிடுமேன்னு ஓடினேன். அரை மணி கழிச்சு இரட்டைப்படை. அப்ப எனக்காக ஓடினேன். பாதியில குதிகால்ல படக்குன்னுச்சு. மிச்சத்தைத் தவழ்ந்துதான் வந்தேன். கடைசி."

"அப்புறம்?"

அவன் தலையணைக்கு அடியிலிருந்து தன் உத்தரவை எடுத்து நீட்டினான். நாற்பத்தெட்டாம் எண் கடைசியாக வந்தமை, அவரது உடலுழைப்பின்மையைக் காட்டுகிறது என்று அதில் இருந்தது. சொந்தச் சோம்பலால் வரவழைத்துக்கொண்ட காயத்துக்கு அறுவை சிகிச்சை கிடையாது. வருகிற திங்கட்கிழமை, தேறாதவர்களுக்கான துணைப் பயிற்சிக்கு ஆஜராக வேண்டியது.

தினமும் பதினெட்டு கிலோமீட்டர் பையைச் சுமந்து நடக்கிற ஆள் அவன். அந்தத் தாளை மடித்து வைக்கும்போது அவன் முகத்தைப் பார்க்க எனக்குக் கூச்சமாக இருந்தது. இருந்தாலும் மூன்று கிலோமீட்டரை எத்தனை நிமிஷத்தில் ஓடினேன் என்று கேட்காமல் இருக்க முடியவில்லை.

"பதினொன்றரை" என்றான்.

"பரவாயில்லையே" என்றேன். அவன் மறுபடி சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான்.

உண்மையைச் சொன்னால் ஐந்து நிமிஷத்தில் முடிகிற விஷயம் என்று உங்களுக்குத் தோன்றும். உண்மைக்கு ராணுவத்தில் 'ஆள்மாறாட்டம்' என்று பெயர். தபால் இலாகா அவனை அன்றே வேலையிலிருந்து நிறுத்திவிடும். அவன் வாயைத் திறக்கக் கூடாது, நானும் திறக்கக் கூடாது. ஆக, உண்மையைச் சொல்லாமலே உண்மையை நிரூபிக்க வேண்டிய நிலைக்கு வந்து சேர்ந்தோம். நான் ஒரு மேல்முறையீடு எழுதினேன், அவன் ஒரு மேல்முறையீடு எழுதினான். காலை வெந்நீர் ஒத்தடத்துக்கும் மாலை ஊசிக்கும் நடுவில் எங்களுக்கு அதுதான் வேலை. வார்டு முழுக்கவே அப்படித்தான். யார் தலையணையைத் தூக்கினாலும் ஒரு மனு இருக்கும்.

அன்று மாலையே நிர்வாக அலுவலகத் தலைமை எழுத்தர் என் கட்டிலுக்கே வந்தார். கையில் இரண்டு ரிஜிஸ்டர். வெள்ளைச் சட்டை, காதில் பேனா. மூக்குக்கண்ணாடி ஒரு பக்கம் இறங்கியிருந்தது. அதைச் சரிசெய்ய என் கை துடித்தது.

"உங்க மனுவைப் படிச்சேன். ரெண்டாம் நாளே இங்க வந்துட்டதாச் சொல்றீங்க."

"ஆமாங்க. ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்ல இருக்குமே."

"இருக்கு. மைதானத்து ரிஜிஸ்டர்லயும் இருக்கீங்க."

"ரெண்டு இடத்துல ஒருத்தன் எப்படிங்க இருக்க முடியும்?"

"அதைத்தான் நாங்களும் யோசிச்சோம். உணர்ச்சிவசப்படாம எண்ணிப் பாத்துட்டோம். ரெண்டாம் நாள் சாயங்காலத்திலிருந்து ஆஸ்பத்திரி ரிஜிஸ்டர்ல தினம் ஒண்ணுன்னு பதிமூணு தடவை இருக்கீங்க. மைதானத்துல இருபத்தஞ்சு தடவை இருக்கீங்க. பெரும்பான்மை மைதானத்துக்குத்தான்."

"ஐயா, காலைப் பாருங்க. வீங்கிக் கிடக்கு."

அவர் பார்க்கவில்லை. "காலைப் பாத்து முடிவெடுக்கிற அதிகாரம் எனக்குக் கிடையாது. நான் ரிஜிஸ்டர் வரைக்கும்தான்" என்று பணிவாகச் சொன்னார். அந்தப் பணிவு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கடையில் நானும் அதே பணிவோடுதான், "கண்ணு மங்கலாத்தான் தெரியுது" என்று சொல்கிறவரிடம், "சீட்டுல சரியாயிருக்குன்னு எழுதியிருக்கே" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன்.

செவ்வாய்க்கிழமை என் மனைவி பார்க்க வந்தாள். பயிற்சிக்காலத்தில் வீட்டுக்குப் பேச அனுமதி கிடையாது, பயிற்சி முடிந்த பிறகு ஆஸ்பத்திரியில் இருக்கிறேன் என்று மட்டும் தகவல் போயிருந்தது, அதனால் நான் விழுந்த கதை எதுவும் அவளுக்குத் தெரியாது. வந்தவள் முகத்தில் பன்னிரண்டு வருஷமாக நான் பார்க்காத ஒரு பிரகாசம்.

"சான்றிதழ் வந்துடுச்சுங்க. முதல் பரிசுன்னு முத்திரையெல்லாம் போட்டு. அப்பா அன்னிக்கே கடைக்குப் போயிச் சட்டம் போட்டுட்டாரு. கூடத்துல மாட்டியிருக்கு. அவரு போட்டோவை எடுத்துட்டு அந்த ஆணியிலயே மாட்டிட்டாரு."

என் மாமனாரைப் பற்றிச் சொல்ல வேண்டும். இளமையில் ஓட்டப்பந்தயங்களில் ஓடியவர். கல்யாணத்தன்றே என்னைத் தலை முதல் கால் வரை பார்த்துவிட்டு, "உக்காந்து பாக்கிற வேலையா?" என்று கேட்டவர். அதன் பிறகு நான் அவர் எதிரில் உட்காரும்போதெல்லாம், "உக்காருங்க, உக்காருங்க, உங்களுக்குச் சொல்லியா தரணும்" என்பார். அவர் தன் படத்தைக் கழற்றி என் சான்றிதழை மாட்டியிருக்கிறார்.

"தெருவுல ஒருத்தரை விடலைங்க. எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டுறாரு. பதினொன்றரை நிமிஷமாமே" என்றாள். பிறகு என் காலைப் பார்த்து முகம் வாடினாள். "இப்படி உயிரைக் குடுத்தா ஓடுவாங்க? கால் என்னத்துக்கு ஆகும்?"

இந்த இடத்தில் ஒரு நல்ல மனுஷன் உண்மையைச் சொல்லியிருப்பான். நான் கண்ணைத் தாழ்த்திக்கொண்டு, "கடைசிச் சுத்துல கொஞ்சம் வேகம் எடுத்துட்டேன்" என்றேன்.

பக்கத்துக் கட்டிலில் தபால்காரன் போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான்.

நான் சொன்ன பொய் கட்டிலோடு நிற்கவில்லை. வீட்டுக்குப் போகிற வழியில் என் மனைவி நேராகத் தலைமை எழுத்தரிடம் போய், ஓட்டத்தில்தான் என் கால் போயிற்று என்று நியாயம் கேட்டுவிட்டுப் போயிருக்கிறாள். மறுநாள் காலை அவர் முன்பைவிடக் கவலையோடு வந்தார்.

"ஓடும்போது அடிபட்டதுன்னு உங்க வீட்டம்மா சொல்றாங்க. ஓட்டம் நடந்தது பன்னிரண்டாம் நாள். நீங்க சிகிச்சைக்குச் சேந்தது ரெண்டாம் நாள். அதாவது, காயம் படுறதுக்குப் பத்து நாள் முன்னாடியே சிகிச்சை எடுத்திருக்கீங்க."

"நான்..."

"தப்புன்னு சொல்லலை. முன்யோசனைதான். ஆனா அப்படி எடுத்துக்க முன் அனுமதி வாங்கியிருக்கணும்."

நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். அவர் கட்டில் விளிம்பில் உட்கார்ந்து குரலைத் தணித்தார். மனுஷனுக்கு என் மேல் இரக்கம் வந்துவிட்டது என்று தெரிந்தது.

"இங்க பாருங்க, நாளைக்கு வியாழக்கிழமை. சர்ஜன் வந்துட்டுப் போனா அடுத்து ரெண்டு மாசம் ஆகும். உங்க பேரை லிஸ்டுல விட்டு வைக்கிறேன். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. 'நான் ஓடவில்லை'ன்னு ஒரு வரி எழுதி, அந்தச் சான்றிதழைத் திருப்பிக் குடுத்துடுங்க. எழுத்துப்பிழைன்னு போட்டு முடிச்சுடறேன். யாரையும் விசாரிக்க மாட்டேன்."

"அப்ப ஓடினது யாருன்னு கேக்க மாட்டீங்களா?"

"யாருமே ஓடலைன்னு எழுதிக்கறேன். அது எங்க பாடு."

அவர் போனதும் தபால்காரன் எழுந்து உட்கார்ந்தான். "எழுதிக் குடுத்துடு."

"யோசிக்கணும்டா."

"இதுல யோசிக்க என்ன இருக்கு? கால் கிடைக்குது. நான் ஓடின ஓட்டம் யாரும் ஓடாத ஓட்டமாப் போகுது. வயித்தெரிச்சல் எனக்குத்தான். நானே சொல்றேன், எழுதிக் குடு."

"மாமனாரு அவர் போட்டோவைக் கழட்டிட்டார்டா."

"திரும்ப மாட்டிக்குவாரு."

"அந்த ஆணியில மறுபடி அவர் படம் ஏறினா, அதுக்கப்புறம் அந்த வீட்டுல நான் நின்னுக்கிட்டுதான் சாப்பிடணும்."

"நிக்கிறதுக்குக் கால் வேணுமேடா" என்றான் தபால்காரன்.

அவன் சொன்னது சரி. எனக்கும் தெரியும். இருந்தும் மண்டையில் ஏறவில்லை. பன்னிரண்டு வருஷத்தில் முதல் முறையாக நான் ஓடியிருக்கிறேன், அதுவும் முதலாவதாக. நான் அங்கே இல்லை என்பது ஒரு சின்னக் குறை, அவ்வளவுதான்.

வியாழக்கிழமை காலை எட்டு மணிக்கு முகம் கழுவிக்கொண்டு, ஊன்றுகோலில் நிர்வாக அலுவலகத்துக்குப் போனேன். ஆபரேஷன் ஒன்பதரைக்குத்தான் என்று சொல்லியிருந்தார்கள். தபால்காரன் வலி மாத்திரை போட்டுக்கொண்டு அரைத் தூக்கத்தில் இருந்தான். "சீக்கிரம் வந்துடு" என்று முனகினான்.

தலைமை எழுத்தர் வெள்ளைத்தாளை எடுத்து வைத்தார். "எழுதுங்க. நான் ஓடவில்லை."

"எழுதறேன். ஆனா சான்றிதழ் வீட்டுலயே இருக்கட்டும்."

"ஓடாதவருக்கு எப்படிங்க முதல் பரிசு?"

"ஓடினவருக்குக் குடுக்கிறதுல என்னங்க அதிசயம் இருக்கு?" என்றேன்.

இது அவருக்குப் பிடித்துவிட்டது. இப்படி ஒரு வாதத்தைத் தன் இருபத்தாறு வருஷ சர்வீசில் கேட்டதில்லை என்றார். டீ வரவழைத்தார். இருவரும் வாசகம் வாசகமாக முயன்று பார்த்தோம். 'ஓடியதாகக் கருதப்படுகிறார்' என்பது அவருக்குச் சரிப்படவில்லை. 'ஓடும் எண்ணம் உடையவராக இருந்தார்' என்பது எனக்குச் சரிப்படவில்லை. ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆயிற்று. பிறகு அவர் கண்ணை மூடிக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்துவிட்டு, ஒரே மூச்சில் எழுதினார்.

"நாற்பத்தேழாம் எண் ஓடவில்லை, எனினும் முதலாவதாக வந்தார்."

நான் எழுந்து நின்று அவர் கையைப் பிடித்துக் குலுக்கினேன். முத்திரை குத்தி ஒரு நகலும் கொடுத்தார். அப்படியே அவர் மூக்குக்கண்ணாடியையும் வளைத்துச் சரிசெய்துவிட்டு வந்தேன். காலும் கிடைத்தது, சான்றிதழும் கிடைத்தது. வராந்தாவில் ஊன்றுகோலோடு நான் வந்த வேகத்தை மாமனார் பார்த்திருந்தால் அதற்கும் ஒரு சட்டம் போட்டிருப்பார்.

வார்டில் என் கட்டில் காலியாக இருந்தது, அது சரி. பக்கத்துக் கட்டிலும் காலியாக இருந்தது. நேரம் ஒன்பதே முக்கால்.

பதினொன்றரைக்குத் தள்ளுவண்டியில் தபால்காரனைக் கொண்டுவந்தார்கள். குதிகாலில் பெரிய கட்டு. முகத்தில் மயக்கம் பாதி, குற்ற உணர்ச்சி பாதி. வண்டியில் கட்டியிருந்த சீட்டில் 'எண் 47' என்று இருந்தது.

"ஒன்பது மணிக்கே வந்துட்டாங்கடா" என்றான், நாக்குக் குழற. "வாசல்ல நின்னு ஒருத்தன் 'நாப்பத்தேழு'ன்னான். நீ இல்லை. ஆப்சென்ட் போட்டுட்டா உன் தேதி போயிடுமேன்னு நினைச்சேன். மாத்திரை மயக்கம் வேற. வாய் தானா சொல்லிடுச்சு."

"இருமினியா?"

"இருமிட்டுத்தான் சொன்னேன். அப்புறம் விஷயத்தைச் சொல்லலாம்னு பாத்தேன். அதுக்குள்ள ஊசி போட்டுட்டாங்க."

"லிஸ்டுல முழங்கால்னு இருந்திருக்குமேடா. உனக்குக் குதிகால்தானே?"

அதைச் சர்ஜனே விளக்கினார். வார்டைச் சுற்றிப் பார்க்க வந்தவர், வயசான மனுஷன், தபால்காரனின் கட்டைத் தொட்டுப் பார்த்துத் திருப்தியாகத் தலையாட்டினார். "இடது முழங்கால்னு எழுதியிருந்தாங்க. வலது குதிகால்ல அறுந்திருந்தது. நான் எப்பவும் காகிதத்தைப் பாக்கிறதில்லை, காலைத்தான் பாப்பேன். எங்க அறுந்திருந்ததோ அங்க தைச்சேன்."

இத்தனை நாளில் அந்த நிர்வாகத்திலேயே காகிதத்தை விட்டுவிட்டுக் காலைப் பார்த்த ஒரே ஆள் அவர்தான். அவரைக் குறை சொல்ல முடியுமா? அவர் செய்தது நல்ல தையல் என்று எல்லோரும் சொன்னார்கள். எல்லோருக்கும் வணக்கம் சொல்லிவிட்டு ஊருக்குக் கிளம்பிவிட்டார்.

தலைமை எழுத்தரிடம் ஓடினேன் என்று எழுத ஆசைதான். நொண்டிக்கொண்டு போனேன். அவர் என்னைப் பார்த்ததும் எழுந்து நின்று வாழ்த்துச் சொன்னார். "ஆபரேஷன் வெற்றின்னு தியேட்டர் ரிஜிஸ்டர்ல வந்துடுச்சு. ரெண்டே மணி நேரத்துல நடந்து வர்றீங்களே. ஓடாமலே முதலா வந்தவர்னு எழுதினது தப்பில்லை."

"ஐயா, எனக்கு நடக்கலை. வேற ஒருத்தருக்கு..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். அந்த வாக்கியத்தை முடித்தால் தபால்காரனின் வேலை போகும்.

டாக்டரம்மா மட்டும் என் முழங்காலை அழுத்திப் பார்த்துவிட்டுப் பெருமூச்சு விட்டார். "இது தைக்கலைன்னு எனக்குத் தெரியுது. தைச்சாச்சுன்னு ரிஜிஸ்டர் சொல்லுது. நாப்பத்தேழாம் எண்ணோட முழங்காலுக்கு இனிமே நான் ஒண்ணும் பண்ண முடியாது. உங்களுக்கு இன்னும் மூணரை வாரம் இருக்கு, வேற ஏதாவது எண் கிடைக்குதான்னு பாருங்க."

தமாஷாகத்தான் சொன்னார். ஆனால் தபால்காரன் தலையணையை முட்டுக் கொடுத்து நிமிர்ந்து உட்கார்ந்தான்.

"என் எண் சும்மாத்தான் கிடக்கு" என்றான். "திங்கட்கிழமை துணைப் பயிற்சி. இந்தக் கட்டோட நான் எங்க போறது? நீ போ. ஆஜர்ல நாப்பத்தெட்டுன்னு சொல்லு. லாரியிலிருந்து விழு. பயிற்சி நேரத்துல, மைதானத்துல, எல்லாரும் பாக்க விழு. முழங்கால்னு எழுதுவாங்க. புதுக் காயம், அவசரம்னு சொல்லிச் சர்ஜனை டாக்டரம்மா முன்கூட்டியே திரும்ப வரவழைப்பாங்க."

"இது ஆள்மாறாட்டம் இல்லையா?"

"தோழமை" என்றான்.

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது. அவன் எனக்காக ஓடினான், எனக்காக ஆபரேஷன் செய்துகொண்டான், இப்போது நான் விழுவதற்குத் தன் எண்ணையும் கொடுக்கிறான். இவனை விட்டுக்கொடுத்துச் சான்றிதழுக்காக ஒரு மணி நேரம் டீ குடித்தேனே என்று என் மேலேயே ஆத்திரம் வந்தது.

திங்கட்கிழமை காலை ஊன்றுகோலை ஆஸ்பத்திரியிலேயே விட்டுவிட்டு, நொண்டாதவன் மாதிரி நொண்டிக்கொண்டு மைதானத்துக்குப் போனேன். தேறாதவர்கள் பதினொரு பேர். சலூன்காரரும் இருந்தார். ஓட்டத்தின் நடுவில் முன்னால் ஓடியவரின் பின்கழுத்தில் முடி கோணலாக வெட்டியிருப்பதைப் பார்த்து, நிறுத்தி விசாரித்துக்கொண்டிருந்தாராம். அதனால் தேறவில்லை. என்னைக் கண்டதும் தோளில் தட்டி, "கவலைப்படாதீங்க நாற்காலி, நான் இருக்கேன்" என்றார்.

காலை ஆஜரில் சார்ஜென்ட் தலை நிமிராமல் நாற்பத்தெட்டு என்றார். நானே உள்ளேன் என்றேன், இருமாமல். அவர் கோடு போட்டார்.

மாலை ஆஜருக்குக் கொஞ்சம் முன்னால், எல்லோரும் இறங்கிய பிறகு, லாரியின் பின்பக்கம் வந்து நின்றேன். சார்ஜென்ட் பத்தடி தூரத்தில் ரிஜிஸ்டரோடு நின்றார். அவர் ஒரு முறை நிமிர்ந்து பார்த்தால் போதும், விழுந்துவிடலாம். காத்திருந்தேன். அவர் பேனாவை உதறினார், பக்கத்தைத் திருப்பினார், கோடு போட அளவுகோல் எடுத்தார். நிமிரவே இல்லை. கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தபோது, இடது கால் என்னைக் கேட்காமல் மடங்கியது. நடிக்க வேண்டிய அவசியமே ஏற்படவில்லை.

வலி உயிர் போயிற்று. தரையில் கிடந்து பார்த்தால், போன தடவை வந்த அதே டிரைவர் குனிந்து நின்றார்.

"மறுபடியும் நீங்களா?" என்றார். பழகின வேலை என்பதால் ஒரே தூக்கில் லாரியில் கிடத்திவிட்டார். பின்பலகையை மாட்டிக்கொண்டிருக்கும்போது மைதானத்தில் ஆஜர் ஆரம்பித்தது.

படுத்தபடியே காதைத் தீட்டிக்கொண்டு கேட்டேன். இந்த ஒரு தடவை, இந்த ஒரே ஒரு எண்ணுக்கு மட்டும் யாரும் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும். ஆப்சென்ட் விழும், ஏன் ஆப்சென்ட் என்று கேட்பார்கள், ஆஸ்பத்திரி ரிஜிஸ்டரைப் பார்ப்பார்கள், என் கால் பிழைத்துவிடும். வாழ்க்கையில் நான் எதற்கும் அப்படி வேண்டிக்கொண்டதில்லை.

"நாற்பத்தெட்டு" என்றார் சார்ஜென்ட்.

ஒரு விநாடி மைதானம் அமைதியாக இருந்தது. பிறகு சலூன்காரரின் கணீர்க் குரல், கொஞ்சம்கூடத் தயங்காமல், அன்பு வழிய வந்தது.

"உள்ளேன் ஐயா."

அவரை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். போன வருஷம் மூன்று நாள் அவருக்காக அதே மைதானத்தில் குரல் கொடுத்தவன் நான்.

டிரைவர் பின்பலகையை மாட்டிவிட்டுத் திரும்பிப் பார்த்தார். "யாருங்க அது, இவ்வளவு சுறுசுறுப்பா?" என்று கேட்டார்.

"நான்தான்" என்றேன்.